சனது இல்லாத செய்தி: பிள்ளைகளின் கையில் போன் இருக்கும்போது



ஐம்பது வயதைக் கடந்த வாசகர்களுக்கு மதீனா ஷெய்கு அஹ்மதின் கனவுக் கடிதம் நினைவிருக்கும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ரவ்ளா ஷரீஃபில் பணிபுரியும் ஷெய்கு அஹ்மத் என்பவர் ஒரு கனவு கண்டாராம். கியாமத் நெருங்கிவிட்டது என்று அதில் எச்சரிக்கை வந்ததாம். அதை நகலெடுத்துப் பலருக்கு அனுப்பியவருக்குச் சில நாளில் செல்வம் குவிந்ததாம். அலட்சியம் செய்தவர் மகனைப் பறிகொடுத்தாராம். கையால் எழுதிய தாளாக, அச்சடித்த நோட்டீஸாக, ஜெராக்ஸாக, எஸ்.எம்.எஸ். ஆக வந்து, இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஸ்னூக் ஹுர்குரோன்யே என்ற டச்சு அறிஞர் 1880களிலேயே இந்தக் கடிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சவூதியின் தலைமை முஃப்தியாக இருந்த ஷெய்க் இப்னு பாஸ், இது கட்டுக்கதை என்று தனியாகவே விளக்கம் எழுதினார். அப்படியும் அது ஓயவில்லை.

ஒரு பொய் 140 வருடம் எப்படி உயிரோடு இருக்கிறது? அதில் மூன்று சரக்கு இருக்கிறது. சொன்னவர் பெயர் இருக்கும், ஆனால் அவரைத் தேடிப்போய்க் கேட்க வழியிருக்காது. அனுப்பினால் நன்மை, அனுப்பாவிட்டால் கேடு என்ற ஆசையும் பயமும் இருக்கும். யோசிக்க விடாத அவசரம் இருக்கும். இன்று பிள்ளைகளின் போனுக்கு வரும் பொய்ச் செய்தியையும் மோசடிச் செய்தியையும் எடுத்துப் பாருங்கள். மேலே சுற்றியிருக்கும் தாள்தான் மாறியிருக்கிறது, உள்ளே இருப்பது அதே சரக்கு. ரமலான் பிறப்பதை முதலில் அறிவிப்பவருக்கு நரகம் ஹராமாகிவிடும் என்ற ‘ஹதீஸ்’ ஒவ்வொரு வருடமும் ஷஅபான் மாதத்தில் குடும்பக் குரூப்புகளுக்கு வந்துவிடுகிறது. ஆதாரப்பூர்வமான எந்தக் கிரந்தத்திலும் அப்படி ஒன்று இல்லை என்று ஆலிம்கள் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். அதை அனுப்புவது பெரும்பாலும் பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள்தான்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதற்கான மருந்து புதிதல்ல. ஒரு ஹதீஸில் இரண்டு பாகம் உண்டு. மத்ன் என்பது செய்தி. அதற்கு முன்னால் வருவது சனது: இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று போகும் அறிவிப்பாளர் தொடர். செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதைப் பலவீனம் என்று ஒதுக்கினார்கள். ஒவ்வோர் அறிவிப்பாளரும் எந்த ஊர், யாரைச் சந்தித்தார், நினைவாற்றல் எப்படி, முதுமையில் தடுமாறினாரா என்று விசாரிக்க அஸ்மாவுர் ரிஜால் என்று தனிக் கலையே வளர்ந்தது. அதில் நமக்கு இன்று அதிகம் பயன்படும் ஒரு நுட்பம் உண்டு. அறிவிப்பாளர் நல்லவர், வணக்கசாலி என்பது மட்டும் போதாது. நல்லவராகவே இருந்தாலும், கேட்டதைக் குழப்பிச் சொல்பவர் என்றால் அவரது அறிவிப்பை இமாம்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

‘மாமா அனுப்பியிருக்கிறார், மாமா பொய் சொல்ல மாட்டார்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். மாமா பொய் சொல்லவில்லைதான். மாமாவுக்கு அனுப்பியது யார், அவர் நேரில் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தில் நமக்கு இடப்பட்ட கட்டளை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது சுமத்தப்பட்ட அவதூறு மதீனாவில் வாய்க்கு வாய் சுற்றியதையும், அதைக் குறித்து சூரா அந்நூரில் வசனங்கள் இறங்கியதையும் மக்தபில் படிக்கும் பிள்ளைகளும் அறிவார்கள். படித்த இதை போன் திரையோடு சேர்த்துப் பார்க்க அவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஒரு மாவுக்கட்டி

அப்படிச் சொல்லிக்கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டாம். இலங்கையின் அம்பாறை நகரம், 2018 பிப்ரவரி 26 இரவு. தமிழ் பேசும் முஸ்லிம்கள் நடத்திய ஒரு சாப்பாட்டுக் கடையில், சாப்பிட வந்த சிங்களவர் ஒருவரின் கறியில் ஒரு வெள்ளைக் கட்டி கிடந்தது. சிங்களவர்களைக் குழந்தையில்லாமல் ஆக்க முஸ்லிம் கடைகளில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பேச்சு அதற்கு முன்பே பேஸ்புக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் சேர்ந்தது. மாத்திரை போட்டாயா என்று கல்லாவில் இருந்தவரை மிரட்டிக் கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. பயத்தில் அவர் அரைகுறையாகச் சொன்ன பதிலை ஒருவர் போனில் படம் எடுத்தார். அந்தச் சிறு வீடியோ ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற பெயரில் நாடு முழுவதும் போனது. அன்றிரவே அந்தக் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் திகன பகுதி எரிந்தது. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. சாலைத் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லாரி ஓட்டுநர் ஒருவர் மார்ச் தொடக்கத்தில் இறந்துபோனார். அந்தக் குற்றத்தை விசாரிக்கச் சட்டம் இருந்தது. ஆனால் மக்கள் மனத்தில் அம்பாறை வீடியோ ஏற்கெனவே மூட்டி வைத்திருந்த நெருப்பு அதோடு சேர்ந்துகொண்டது. மார்ச் 6 அன்று நெருக்கடி நிலை பிரகடனமானது. மறுநாள் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசு முடக்கியது. அந்தக் கட்டியைச் சோதித்த அரசு ஆய்வகம், அது வெறும் மாவுக்கட்டி என்று அறிக்கை கொடுத்தது. ஒருமுறை சாப்பிட்டால் நிரந்தர மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை என்ற ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்காரர்களுக்கு அதனால் என்ன?

பாதிக்கப்படுபவர்கள் எப்போதும் நாம்தான் என்று இதைப் படித்து முடிவுகட்டிவிடக் கூடாது. அதே 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஊரார் சூழ்ந்து அடித்ததில் அவர் இறந்துபோனார். அடித்தவர்கள் ரௌடிகள் அல்ல. வீட்டில் பிள்ளைகள் வைத்திருந்த சாதாரண மக்கள். அந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் இந்தியா முழுவதும் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வீடியோ இந்தியாவில் எடுத்ததே அல்ல. கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காகப் பணிபுரியும் ஒரு தொண்டு நிறுவனம் தயாரித்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனியுங்கள் என்று எழுதிய வாசகத்தை விரித்துக் காட்டுவார்கள். யாரோ கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று நாங்கள் கருதுவதற்குக் காரணம் இருக்கிறது. பொய்ச் செய்தி என்றால் கம்ப்யூட்டரில் உருவாக்கிய பொய்ப் படம் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவில் அதுவும் வருகிறது, உண்மைதான். ஆனால் அதிகம் பரவுவது உண்மையான படத்துக்குப் பொய்யான பெயர். 2020 ஏப்ரலில், கொரோனா பரப்புவதற்காக தப்லீக் ஜமாஅத்தினர் போலீஸார்மீது துப்புகிறார்கள் என்று ஒரு வீடியோ பரவியது. துப்பியது உண்மை. ஆனால் அது அந்தப் பிரச்சினை எழுவதற்கு முன்பே, பிப்ரவரி மாதம் மும்பையில் ஒரு விசாரணைக் கைதி போலீஸ் வேனில் செய்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று வட மாநிலங்களில் பரவிய வீடியோக்களும் அப்படித்தான். ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, மற்றொன்று உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை என்று, நம் மாவட்டத்துக்காரரான அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி விளக்க வேண்டியிருந்தது. ஹதீஸ் கலையின் சொல்லில் சொன்னால், மத்ன் உண்மை, சனது பொய்.

வதந்தி செல்போனோடு பிறந்ததல்ல. 1982 மார்ச்சில் மண்டைக்காடு பற்றி எரிந்தபோது நம் மாவட்டத்தில் யாரிடமும் செல்போன் இல்லை. ஊருக்கு ஊர் வாய்வழியாகவே புரளி போனது. 2004 சுனாமிக்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடியும் அலை வருகிறது என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விட்டதையும் மறந்திருக்க மாட்டோம். மையித்துகளை அடக்கி முடிக்காத கடற்கரை மக்கள் மீண்டும் ஓடினார்கள். அலை வரவில்லை. பிறகு 2007இல் ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. கடல் சம்பந்தமான செய்திக்கு இப்போது கேட்க ஓரிடம் இருக்கிறது. எந்தச் செய்திக்கு எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருப்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான்.

கண்ணூர் பள்ளிக்கூடங்களில் நடந்தது

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டிய ஊசி அது. ஊசி போட்டால் ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் ஆடியோக்கள் வந்தன. பல பெற்றோர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் அக்டோபரில் கேரளாவில் முகாம் தொடங்கியபோது மலபார் பகுதியில் இதைவிட அதிக எதிர்ப்பு எழுந்தது. அங்கே நம் சமுதாயத்துக் குடும்பங்களில்தான் தயக்கம் அதிகமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரிரு வருடம் முன்புதான் மலப்புறத்தில் தடுப்பூசி போடாத பிள்ளைகள் தொண்டை அடைப்பான் நோயில் இறந்திருந்தார்கள்.

அப்போது கண்ணூர் மாவட்ட ஆட்சியராக இருந்த மீர் முகம்மது அலி இதைப் பார்த்துவிட்டு, பெரியவர்களிடம் வாதாடுவதைவிடப் பிள்ளைகளிடம் தொடங்குவது நல்லது என்று முடிவு செய்தார். ‘சத்யமேவ ஜயதே’ என்ற பெயரில் 2018இல் 150 அரசுப் பள்ளிகளில் வகுப்பு நடந்தது. ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். பொய்ச் செய்தி எப்படி உருவாகிறது, தலைப்பைப் பார்த்ததும் கை ஏன் தானாக அழுத்துகிறது, நமக்குப் பிடித்த செய்தியே மறுபடி மறுபடி நம் போனில் ஏன் வருகிறது, படம் எங்கிருந்து வந்தது என்று தேடுவது எப்படி என்பவையெல்லாம் பாடம். அந்த வருடம் மே மாதம் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் பரவியபோது, கோழிக்கறி சாப்பிட்டால் நிபா வரும் என்று அரசு முத்திரை போட்டதுபோல ஒரு பொய்க் கடிதம் சுற்றியது. பிள்ளைகளுக்கு அது கைமேல் கிடைத்த உதாரணமாயிற்று. பிறகு கேரள அரசு இதை மாநிலம் முழுக்க எடுத்துச் சென்று 2022இல் ஏறக்குறைய 20 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2024இல் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடப்புத்தகங்களிலேயே பொய்ச் செய்தியைக் கண்டறியும் பாடம் வந்துவிட்டது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை படிப்பதை, இந்தப் பக்கம் நம் பிள்ளை நாம் சொல்லிக்கொடுத்தால்தான் படிக்கும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. எங்கள் டிரஸ்ட்டின் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குக் கொடுத்த முதல் பயிற்சி ஒன்றே ஒன்றுதான். குடும்பக் குரூப்புக்கு வந்த ஏதாவது ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அனுப்பியவரிடம் ‘உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?’ என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அவர் சொல்லும் ஆளிடமும் அதையே கேட்க வேண்டும். எத்தனை படி ஏற முடிகிறது என்று எழுதிவர வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவது படியில் நின்றுவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் விடாமல் நான்கு படி ஏறி, தம்மாமில் இருக்கும் தன் வாப்பாவின் சிநேகிதர் வரைக்கும் போய்விட்டான். ‘ஏதோ ஒரு குரூப்பில் வந்தது, மோனே’ என்று அவர் சொன்னாராம். உட்கார வைத்துச் சொல்லும் அறிவுரையைவிட இந்த ஒரு பதில் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்தது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். வாட்ஸ்அப் செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கைமாறி வந்தது என்று பொருள். 2018 கொலைகளுக்குப் பிறகுதான் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 முதல் இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும். படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கலாம். பழைய படம் என்றால் அது முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். அரசு அறிவிப்பு என்றால் மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவும், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும் இருக்கின்றன. அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. எனவே இரண்டு பத்திரிகைகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ஒரு செய்தி படித்தவுடன் ரத்தம் கொதித்தால், அல்லது நெஞ்சு படபடத்தால், அதை அடுத்த தொழுகை நேரம் வரை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். உளூச் செய்துவிட்டுத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது பாதிச் செய்திகள் அனுப்பத் தகுதியில்லாதவையாகத் தெரியும். நம் சமுதாயத்துக்கு நடந்த அநீதி என்று வரும் செய்திக்கும் இதே விதிதான். அப்படிப்பட்ட செய்தியில் ஒன்று பொய்யென்று தெரிந்துவிட்டால், அடுத்து வரும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

போனிலிருந்து வெளியே போவது

இதுவரை சொன்னது போனுக்குள் வருவதைப் பற்றி. போனிலிருந்து வெளியே போவது இன்னும் கவலைக்குரியது: போட்டோ, ஓ.டி.பி., வங்கிக் கணக்கு எண், பாஸ்போர்ட் நகல்.

2020 ஏப்ரலில் நாகர்கோவிலில் பிடிபட்ட இளைஞனின் வழக்கு நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சமூக ஊடகங்களில் பெண்களிடம் பழகி, படங்களையும் வீடியோக்களையும் வைத்து மிரட்டிப் பணம் பறித்தவன். பின்னர் சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் தண்டனை அல்ல. எத்தனையோ பெண்கள் வாய்திறக்காமல் இருந்த நிலையில், சென்னையைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் புகார் கொடுத்த பிறகே எல்லாம் வெளிவந்தது. மற்றவர்கள் ஏன் பேசவில்லை? வீட்டில் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். மிரட்டுபவனின் முதலீடே அந்தப் பயம்தான். குடும்ப மானத்தைப் பற்றி நாம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறோமோ, அவ்வளவுக்கு அவன் கை ஓங்குகிறது.

படம் அனுப்பாத பெண்களும் தப்புவதில்லை. 2022 ஜனவரி 1 அன்று ‘புல்லி பாய்’ என்ற செயலியில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம் பெண்களின் படங்களை ‘ஏலம்’ போட்டார்கள். பத்திரிகையாளர்களும் சமூக சேவகிகளுமான அவர்களின் பொதுவான படங்களை எடுத்தே இதைச் செய்தார்கள். கைதானவர்களில் 18 வயதுப் பெண் ஒருவரும், இருபதை ஒட்டிய கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். ஆகவே நம் பெண்பிள்ளைகளைப் பாதுகாப்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்து போக முடியாது. நம் ஆண்பிள்ளைகள் தங்கள் குரூப்புகளில் பிறர் வீட்டுப் பெண்களின் படத்தை என்ன செய்கிறார்கள் என்பதையும் வாப்பாமார் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

பிள்ளை ஒருநாள் முகம் வெளிறி வந்து, இப்படி ஆகிவிட்டது என்று சொன்னால், முதல் வார்த்தை ‘நல்லவேளை சொன்னாய்’ என்பதாக இருக்கட்டும். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மிரட்டுபவனுக்குப் பணம் கொடுத்தால் நிறுத்துவான் என்று நம்ப வேண்டாம். கொடுத்தவரிடம்தான் மறுபடியும் கேட்பான். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் போக்சோ சட்டம் பாதுகாப்பு தருகிறது. பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகையில் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டில், அல்லது பிள்ளை விரும்பும் இடத்தில், கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து எழுத வேண்டும். ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை நிறுத்த வேண்டியிருக்கும் என்று பயந்தே பல பெற்றோர் புகாரைக் கைவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. குழந்தைகள் உதவி எண் 1098. படம் இணையத்தில் பரவாமல் தடுக்க, சிறுவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்றும் பெரியவர்களுக்கு ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.’ என்றும் இலவச சேவைகள் உள்ளன. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறி உருவாகி, அந்தக் குறி மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும்.

பண மோசடி என்றால் 1930. நேரம் மிக முக்கியம். பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்; சீக்கிரம் அழைத்தால் வழியில் எங்காவது நிறுத்திவைக்க முடியும். வீட்டில் கலந்துபேசி, மச்சானைக் கேட்டு, மறுநாள் போகலாம் என்று இருந்தால் போனதுதான். போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: கமிஷன் தருகிறேன், உன் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொஞ்ச நாள் கொடு என்று சிநேகிதனே கேட்டாலும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடிவருவது கணக்குக்காரரை.

கல்வி உதவித்தொகை என்று வரும் லிங்க்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுத்துவந்த உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்கு இப்போது விண்ணப்பிக்கலாம் என்று வரும் செய்தியோடு ஆதார் நகலையும் எடுத்துக்கொண்டு உம்மாமார் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். வருவது நல்லது. லிங்க்கை அழுத்துவதற்கு முன்பே வந்துவிட்டால் இன்னும் நல்லது. மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்டால் அது அரசு இல்லை.

வெளிநாட்டு வேலை என்பது நம் ஊரில் சோற்றுப் பிரச்சினை, ஆகவே அந்த வலையில் நம் பையன்கள் எளிதாக விழுகிறார்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று இணையத்தில் விளம்பரம் பார்த்துப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்திச் சென்றார்கள். அங்கே அடைத்துவைத்து, பிறரை ஆன்லைனில் ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரித்தது. துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜெண்டுகள் ஆள் பிடிப்பதாக அதில் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அங்கிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். ஆள் அனுப்பும் ஏஜெண்டுக்கு மத்திய அரசின் பதிவு எண் இருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் அது உண்மையா என்று பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. இங்கேயும் கேள்வி அதேதான்: இந்த வேலையைப் பற்றிச் சொன்னது யார், அந்த கம்பெனியில் அவர் யாரையாவது நேரில் பார்த்தாரா?

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் முதல் ஞாயிறு வகுப்பு அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸாக் கட்டடத்தில் தொடரும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஆண், பெண் பிள்ளைகள் வரலாம். பெண்பிள்ளைகளுக்குத் தனி அறையில் ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். பெற்றோருக்கும் ஒரு வகுப்பு வேண்டும் என்று சில உம்மாமார் கேட்டிருக்கிறார்கள். மாலை நேரத்தில் வைக்க யோசித்துவருகிறோம். வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் போன் விஷயத்தை உம்மா ஒருவரே சமாளிக்க வேண்டியிருக்கிறது, எனவே அவர்களின் வசதியைப் பார்த்தே நேரம் முடிவாகும். பிரச்சினையில் மாட்டிய பிள்ளைகள் பெற்றோரோடும் வரலாம், தனியாகவும் வரலாம். எப்படி வந்தாலும், பயந்துபோய் போனிலுள்ள செய்திகளையும் எண்களையும் அழித்துவிடாமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள். புகார் எழுத அவைதான் ஆதாரம்.